நாகலூரில் மாட்டாமல் விட்ட கொக்கி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் கடைசியில், ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு மிளகு மூட்டை ஏற்றப் போனபோது நடந்தது இது. நான் சேலத்துக்காரன். சொந்தமாக ஒரு சின்ன லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். கிளீனர் கிடையாது. கிளீனர் வைத்தால் டீசலைத் திருடி விற்றுவிடுவானோ என்று எனக்குப் பயம். இந்த ஒன்றை வைத்தே என் குணத்தை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. பெட்ரோல் பங்கில் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். பஞ்சர் ஒட்டுகிறவர் பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்திருப்பேன். வீட்டில் காபி கொடுத்தால் சர்க்கரை போட்டாயா என்று கேட்பேன், ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் கேட்பேன். "உங்க நெழலு பின்னால வந்தாக்கூட யாருன்னு திரும்பிப் பாப்பீங்க" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் அந்த வருடம் என் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் சேர்ந்திருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் மலை இறங்கும்போது, பைக்கில் வந்த ஒருவன் பக்கத்தில் வந்து என் பின் டயரைக் காட்டிக் காட்டிக் கத்தினான். காற்று இறங்கிவிட்டது போலிருக்கிறது, நல்ல மனுஷன் சொல்கிறான் என்று நம்பி ஓரம் கட்டினேன். நான் இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பக்கம் அவன் ஆட்கள் தார்ப்பாயை அறுத்து இரண்டு மூட்டையை இறக்கிவிட்டார்கள். டயரில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் வழியில் எவன் கை காட்டினாலும் வண்டியை நிறுத்துவதில்லை என்று. வண்டிக்குச் சுற்றிலும் இரும்புக் கம்பியால் கூண்டு அடித்து, பின்னால் ஜன்னல் கதவு மாதிரி இரண்டு பாதியாகத் திறக்கிற கனமான இரும்புக் கதவும் வைத்தேன். இடது பாதியைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். அதன்மேல் வலது பாதியைச் சாத்திக் கொக்கியை மாட்ட வேண்டும். கொக்கி மாட்டாவிட்டால் அந்த வலது பாதிக்குப் பிடிமானமே இல்லை.

மலையில் லோடு ஏற்றும்போது ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட்டில் சமதளமாக ஒரு இடம் கிடைப்பது அபூர்வம். வண்டி சரிவில்தான் நிற்கும், பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருப்பார்கள். ஏற்றி முடித்ததும் லோடுமேன்களில் ஒருவர் வண்டியைச் சுற்றி வருவார். கயிறு, தார்ப்பாய், கதவு எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பார். கடைசியாகக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு கேட்டால்தான் டிரைவர் கியர் போடுவார். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த எஸ்டேட்டில் நான் போகிற போதெல்லாம் தட்டுகிறவர் ஒரே ஆள்தான். நாற்பது வயசு இருக்கும். ஒல்லி உடம்பு, அதிகம் பேச மாட்டார். அவர்தான் இந்தக் கதையில் முக்கியமான மனிதர்.

அன்று மத்தியானம் ஏற்ற ஆரம்பித்தோம். நான் கூண்டுக்குள் நின்று மூட்டைகளை அடுக்கிக் கொண்டிருந்தேன். ஒரு மூட்டை வந்தபோது அதன் வாயைப் பார்த்தேன். மற்ற மூட்டைகளெல்லாம் வெள்ளை நூலில் தைத்திருக்க, இது மட்டும் பச்சை நூலில் தைத்திருந்தது. தையலும் கோணல்மாணலாக இருந்தது. அதைச் சுமந்து வந்தவர் அந்த ஒல்லியான மனிதர்தான். என் மூளை உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வழியில் மூட்டையைப் பிரித்து மிளகை அள்ளிக்கொண்டு திருப்பித் தைத்திருக்கிறார். கீழே எடை போடும்போது குறைந்தால் பழி டிரைவர் தலையில்தான் விழும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனால் பார்த்தேன். மூட்டைக் கொட்டகை ஓரத்தில் ஆணியில் தொங்கிய ஒரு துணிப்பையை அவர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார், அதையும் பார்த்தேன். பை புடைத்துக்கொண்டு இருந்தது. சாதாரணமாகச் சோற்றுப் பை சாயங்காலம் ஒட்டிப்போய்த்தானே இருக்கும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஏற்றி முடித்ததும் மூட்டைகள் சரியாதபடி குறுக்கே கயிறு கட்டினேன். கீழே குதித்து இடது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வலது கதவை இழுத்துச் சாத்தினேன். கொக்கியைக் கையில் எடுத்தேன். அந்த நொடியில் அவர் ஆணியிலிருந்து பையை எடுப்பது தெரிந்தது.

கொக்கியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் எனக்கு அது தெரியாது. கொக்கி மாட்டவில்லை.

"பையக் காட்டுய்யா" என்றேன். மற்ற மூன்று லோடுமேன்களும், காப்பி காய வைத்த களத்தில் இருந்த பெண்களும், கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பையைக் கொடுக்கவில்லை. "ஏனுங்க?" என்று மட்டும் கேட்டார். நானே பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். ஒரு டிபன் பாக்ஸ் விழுந்தது. ஒரு ஈரத் துண்டு. நாலைந்து ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு ஓடின. அவ்வளவுதான். பழத்தை யாரோ ஒரு அம்மா பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகம் கறுத்துப்போய் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அப்போதாவது என் தப்பை ஒத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. பையில் இல்லையென்றால் வேறு எங்கோ ஒளித்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் பழக்க தோஷத்தில் வண்டியைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, "என் வண்டிகிட்ட ஒருத்தரும் வரக்கூடாது" என்று கத்தினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். நானே கல்லை எடுத்துப் போட்டேன். நானே ஏறி உட்கார்ந்தேன். சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடு போட்டேன். கும்பிடு போட மறக்கவில்லை, கொக்கி போடத்தான் மறந்துபோனேன்.

கதவு கொஞ்சம் இறுக்கமான கதவு. அதனால் எஸ்டேட்டுக்குள் சாத்தியபடியேதான் இருந்திருக்கிறது. கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறும்போது ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி குதித்தது. அப்போதுதான் கதவு பிடி விட்டுத் திறந்திருக்க வேண்டும். மணி நாலரை இருக்கும். மேலே இருந்து மூடுபனி இறங்கிக் கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. நான் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏற்காட்டுப் பக்கம் மெதுவாக ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். கல்லெறிகிறார்களோ என்று கண்ணாடியைப் பார்த்தேன். பனியில் ஏதோ கறுப்பாக வெளியே வந்தது, அடுத்த வளைவில் உள்ளே போய்விட்டது. யாரோ கூண்டில் தொற்றிக்கொண்டு வருகிறான் என்று முடிவு கட்டினேன். மலையில் வளைவுக்கு வளைவு வண்டி நடை வேகத்துக்கு வந்துவிடும், ஏறுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளை உதறுவதற்காக வண்டியை வேண்டுமென்றே இரண்டு முறை ஒடித்து ஓட்டினேன். அந்தக் கனமான இரும்புக் கதவு எப்படி வீசி ஆடியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அப்போதுதான் பைக் வந்தது. விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஒருவன் பின்னால் வந்தான். குரங்குக் குல்லா போட்டு, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். கண் மட்டும்தான் தெரிந்தது. ஒரு கையால் என் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டிக் காட்டி ஏதோ கத்தினான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பழைய நாடகத்தை மறுபடியும் என்னிடமே போடுகிறார்களா என்று நினைத்தேன். ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

அவன் விடவில்லை. கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் சட்டென்று பக்கத்தில் ஏறி வந்தான். ஜன்னலுக்கு நேராக வந்தபோது துண்டு நழுவி முகம் தெரிந்தது. அந்த ஒல்லியான மனிதர். அவர் ஓட்டி வந்தது ரைட்டருடைய பைக். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. நாலு பேர் முன்னால் பையைக் கொட்டினேன் அல்லவா, வழியில் மடக்கி அடிக்க வருகிறார். அவர் வாய் அசைந்தது, ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. விழக்கூடாது என்றுதானே கண்ணாடியை ஏற்றியிருந்தேன். வண்டியை அவர் பக்கமாகக் கொஞ்சம் ஒடித்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான். அவர் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கித் தடுமாறி மறுபடியும் மேலே ஏறினார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு முன்னால் பறந்து பனிக்குள் மறைந்துபோனார்.

போய்த் தொலைந்தார் என்று நிம்மதி அடைந்தேனா? அதுவும் இல்லை. முன்னால் ஏன் போகிறார்? ஆள் கூட்டத்தான். சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வளைவு தாண்டியிருப்பேன். எதிரே பனிக்குள் இரண்டு பெரிய விளக்குகள் அசையாமல் நின்றன. கிட்டப் போனால், ஏற்காட்டிலிருந்து நாகலூருக்கு வருகிற பஸ். அதற்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே பைக்கைப் படுக்கப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் நின்றார். கண்டக்டரும் இன்னும் மூன்று நாலு பேரும் இறங்கி நின்றார்கள். நினைத்தது சரியாகிவிட்டது, பஸ் ஆட்களையே சேர்த்துவிட்டார் என்றுதான் தோன்றியது. ஒதுங்க இடம் இல்லை. பிரேக் போட்டேன். கதவைப் பூட்டினேன். ஸ்பேனரை இறுகப் பிடித்தேன்.

அவர் என் கேபினைத் தாண்டி நடந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் போனார். கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் இரும்போடு இரும்பு இடிக்கிற சத்தம். பிறகு கொக்கி விழுகிற சத்தம். என் கதவின் கொக்கிச் சத்தம் எனக்குத் தெரியாதா? அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான், கொக்கியைக் கையில் எடுத்ததும் மாட்டாமல் ஓடியதும் நினைவுக்கு வந்தது.

இறங்கினேன். ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது, கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. பஸ் டிரைவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே பஸ்ஸின் வலது பக்க ஜன்னல்களைக் காட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு ஒரு பிள்ளை, பனியைப் பிடிக்கிறேன் என்று கையை வெளியே நீட்டிக்கொண்டும் தலையைச் சாய்த்துக்கொண்டும் இருந்தது. அந்த இடத்தில் ரோடு எவ்வளவு குறுகல் என்று எனக்குத் தெரியும். வளைவில் நானும் பஸ்ஸும் உரசாத குறையாகத்தான் ஒதுங்கிப் போவோம். என் கதவின் இரும்பு விளிம்பு சரியாக அந்த ஜன்னல்களின் உயரத்தில் இருந்தது. நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான் வண்டியை ஒடித்தபோது கரை மண்ணில் உரசியிருக்கிறார். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"என் பையத் தொறந்து பாத்தீங்களே, உங்க கொக்கியப் பாத்தீங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"உங்களுக்காக வரலீங்க. நீங்க எப்படியோ போங்கன்னு வுட்டிருப்பன். என் புள்ள இந்த பஸ்லதான் வருது. கேட்டத் தாண்டறப்போ டோரு வீசுனதப் பாத்தனுங்க. இந்நேரம் பஸ்ஸு ஏறி வருமேன்னு கெதக்குன்னு ஆயிருச்சு. நீங்க நிக்கல. அப்பறந்தான் பஸ்ஸ நிறுத்தலாம்னு வந்தன்."

நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணா, பையக் கொட்டுனது..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். பச்சைச் சுடிதார் யூனிஃபார்ம், பிளஸ் ஒன் படிக்கிற வயசு. வந்ததும் அப்பாவின் முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். அவர் சட்டென்று என் பேச்சை வெட்டினார். "அதெல்லாம் இங்க வேண்டாங்க" என்றார். அதுவரை கோபமாக இருந்த முகம், அந்த ஒரு நொடி என்னிடம் கெஞ்சுவது போல ஆகிவிட்டது.

எனக்குப் புரிந்தது. அவள் எதிரில் நான் மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று அவள் கேட்பாள். அவள் அப்பாவை ஒருவன் திருடன் என்று நிறுத்திப் பையைக் கவிழ்த்தான் என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். மன்னிப்புக் கேட்கிற வழியைக்கூட நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

"யாருப்பா இவரு?" என்று அவள் கேட்டாள்.

"லோடு ஏத்திட்டுப் போற டிரைவரு, கண்ணு. கொக்கி மாட்ட மறந்துட்டாரு. நீ பஸ்ஸுல ஏறு, நா முன்னால போறன்" என்றார். பைக்கைத் தூக்கி நிறுத்திக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மலை இறங்கும் வழியில் மூன்று முறை வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பின்கதவைப் பார்த்தேன். மறுநாள் ரைட்டருக்குப் போன் செய்து பச்சை நூல் மூட்டையைப் பற்றிக் கேட்டேன். "அது நாந்தாங்க தெச்சன்" என்றார். ஈரப்பதம் பார்க்க ஒரு மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மிளகு எடுத்திருக்கிறார். வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் இருந்த நூலில் தைத்திருக்கிறார். முதல் நாளே அவரிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். சந்தேகப்பட்டேனே தவிர, கேட்கத் தோன்றவில்லை. சந்தேகப்படுகிறவனுக்குக் கேட்பது பிடிக்காது, கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பிடிக்கும்.

அடுத்த வாரம் அதே எஸ்டேட்டுக்கு லோடுக்குப் போனேன். அதே களத்தில், அன்று இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "நான் செஞ்சது தப்பு, இவரு மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொன்னேன். அவர் தலையில் மூட்டையோடு நின்று கேட்டார். "சரிங்க, மூட்டைய வாங்குங்க" என்றார். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. இன்றைக்கும் என்னிடம் வேலைக்கு வேண்டிய அளவுதான் பேசுவார். அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை சொல்ல வாயில்லை. நான் பிடுங்கியது அவ்வளவு சீக்கிரம் திரும்பக் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை.

அந்தப் பெண் இப்போது சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது அப்பாவும் மகளுமாக எதிர்ப்படுவார்கள். என் லாரியைப் பார்த்ததும், "என்னங்க அங்கிள், கொக்கி மாட்டிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் அசடு வழியச் சிரிப்பேன். அவர் பக்கத்தில் நின்று பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளைப் பொறுத்தவரை நான் கதவைச் சரியாகச் சாத்தாத ஒரு ஞாபகமறதிக்கார டிரைவர், அவ்வளவுதான். அதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்தேன் என்பதை அவள் அப்பா இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை என்பது, அவள் அப்படிச் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்துபோகிறது.